நனையாமை: தீவு விடுதிகள் குறித்து ஓர் ஆராய்ச்சி

கடலைத் தேடி வருகிறவன் கடலில் நனைய விரும்புவதில்லை. வெப்பமண்டலத் தீவுகளின் சொகுசு விடுதிகள் கடந்த அரை நூற்றாண்டில் கண்டுபிடித்திருக்கும் விநோத வசதிகள் அத்தனைக்கும் இந்த ஒரு விதி போதும் என்பது இக்கட்டுரையின் துணிபு. இத்துறையில் இதுவரை எழுதியவர்கள், அதாவது பயண இதழ்க்காரர்கள், 'சொர்க்கம்' என்ற ஒரே கலைச்சொல்லை வைத்துக்கொண்டு காலந்தள்ளிவிட்டார்கள். சொர்க்கத்தின் ஈரப்பதம் என்ன என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கள ஆய்வுக்காக நல்கை கேட்டு எழுதிய விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. ஆகவே இந்த ஆய்வு முழுவதும் உலர்ந்த நிலையிலேயே நடத்தப்பட்டது. கொள்கைக்கு இது பொருத்தமே.

முதலில் நூற்பா. நூற்பா இல்லாத கொள்கையைத் தமிழில் யாரும் மதிப்பதில்லை; படித்தவுடன் புரிகிற நூற்பாவையும் மதிப்பதில்லை.

கடல்மிசை உறைதலும் கடலகத் துறைதலும்
உடல்நனை யாமை ஒன்றன் பொருட்டே.

கடலுக்கு மேலே தங்குவதும் கடலுக்குள்ளே தங்குவதும் உடம்பு நனையாதிருத்தல் என்னும் ஒரே காரணத்துக்காகவே என்றவாறு. ஏகாரம் தேற்றம். 'உடல்' என்று விதந்து கூறினமையால் மனம் நனைவதற்குத் தடையில்லை என்க.

இனி வரலாறு. 1967இல் பிரெஞ்சு பாலினீசியாவின் ராயாட்டியா தீவில் மூன்று அமெரிக்கர்கள் ஓர் ஓட்டல் நடத்தப் புறப்பட்டார்கள். 'பாலி ஹாய் பையன்கள்' என்று பெயரெடுத்தவர்கள். அவர்களுடைய சிக்கல் எளிமையானது: அந்தத் தீவில் சொல்லிக்கொள்ளும்படி மணற்கரை இல்லை. மணல் இல்லாத ஊரில் விருந்தாளியை எங்கே கிடத்துவது? கால்களை நட்டு, அறைகளைத் தண்ணீருக்கு மேலேயே நிறுத்திவிட்டார்கள். குறையை மூடி மறைக்கச் செய்த ஏற்பாடு அது. இன்று மணல் கொட்டிக் கிடக்கும் தீவுகளிலும் விருந்தாளி மணலைத் தாண்டி மரப்பாலத்தில் நடந்து போய்த் தண்ணீர்மேல் படுக்கிறார்; பெரும்பாலும் அதற்குக் கூடுதலாகவும் கொடுக்கிறார்.

மேலே படுத்தாயிற்று. ஆனால் கீழே மீன் போகிறதே, அதை எப்படிப் பார்ப்பது? எட்டிப் பார்த்தால் தெறிக்கும். தரையில் ஒரு சதுரத்தை வெட்டிக் கண்ணாடி பதித்தார்கள். இரவில் அடியில் விளக்குப் போட்டால் மீன்கள் வெளிச்சத்துக்கு வரும். இதற்குத் 'தாஹிதி டெலிவிஷன்' என்று பெயர். சீரியல் கிடையாது, விளம்பரம் கிடையாது, சில இரவுகளில் மீனும் கிடையாது.

அடுத்த கட்டம் மாலத்தீவில் நடந்தது. அங்கே முதல் விடுதியான குரும்பா 1972இல் திறந்தபோது கடலும் மணலுமே வசதி. 32 ஆண்டு கழித்து ஹுவாஃபென் ஃபுஷி விடுதி கடலுக்கு அடியில் உடம்பு பிடித்துவிடும் அறைகளைத் திறந்தது. மறு ஆண்டே, 2005இல், ரங்காலித் தீவில் 'இதா' உணவகம். சிங்கப்பூரில் கட்டி, கப்பலில் கொண்டுவந்து, கடல்மட்டத்துக்கு 5 மீட்டர் கீழே இறக்கினார்கள். 14 பேர் உட்காரலாம். தலைக்கு மேல் வளைந்த அக்ரிலிக் கூரை. அதன்மேல் திருக்கை ஒன்று வயிற்றைக் காட்டிக்கொண்டு போகும். உள்ளே மீன் தின்பவரை வெளியே மீன் பார்க்கிறது என்ற நகைச்சுவையை ஏற்கெனவே எல்லோரும் சொல்லிவிட்டதால் ஆய்வு அதைத் தாண்டிச் செல்கிறது.

கொள்கையின் உச்சம் 2018. அதே ரங்காலியில் 'முராக்கா' என்ற வில்லா திறக்கப்பட்டது. மேல்தளம் காற்றில், படுக்கையறை 5 மீட்டர் நீருக்குள். திறப்பின்போது பேசப்பட்ட வாடகை இரவுக்கு 50,000 டாலர். மாலத்தீவின் மிக உயரமான இயற்கை மேடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 2.4 மீட்டர்தான். ஆக, அந்த நாட்டில் ஏறக்கூடிய உயரத்தைப்போல இருமடங்கு இறங்கினால்தான் இந்தக் கட்டிலை அடைய முடியும். அடைந்த பிறகு செய்ய வேண்டிய முதன்மைக் காரியம் கண்ணை மூடுவது. கண்ணை மூடிச் செய்யும் வேலைக்கு இவ்வளவு கண்ணாடி எதற்கு என்பது பொருளாதார அறிஞர்களின் தலைவலி. நாம் ஈரத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

"அஃதேல், பாலித் தீவில் விருந்தாளிகள் குளத்தில் இடுப்பளவு நீரில் நின்று காலை உணவு உண்கிறார்களே, அவர்கள் நனைகிறார்களே?" எனின், அதுவும் நம் கட்சியே. மிதக்கும் பிரம்புத் தட்டு ஒன்றில் பழம், முட்டை, ரொட்டி, காப்பி எல்லாம் குளத்தில் வருகின்றன. இங்கே நனைவது விருந்தாளி, நனையாதிருப்பது க்ரோசான். நனையாமை உண்பவனிடமிருந்து உணவுக்குப் பெயர்ந்திருக்கிறது. இலக்கணத்தில் ஆகுபெயர் போல இதை ஆகுநனையாமை எனலாம். தட்டு கைக்கு எட்டும்போது சற்று விலகும். இழுத்தால் காப்பி தளும்பும். அதற்குள் படம் எடுத்தாக வேண்டும். படம் எடுப்பதும் ஒரு வசதியாகிவிட்டது. 2017இல் ரங்காலி விடுதியே 'இன்ஸ்டாகிராம் பட்லர்' என்று ஆள் வைத்தது. எந்த இடத்தில், எந்த வெயிலில் நின்றால் படம் நன்றாக வரும் என்று சொல்வது அவர் வேலை. ஆறிப்போன காப்பியைப் பற்றி அவர் எதுவும் சொன்னதாகக் குறிப்பில்லை.

கொள்கைக்குக் கடுமையான சோதனை மாலத்தீவின் பா பவளத்தீவிலிருந்து வருகிறது. அங்குள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மிதவை உயிரிகள் நீரோட்டத்தில் சிக்கிக் குவியும். அவற்றைத் தின்ன மாண்டா திருக்கைகள் கூட்டங்கூட்டமாக வரும். 2011இல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. விரிகுடாவில் சிலிண்டர் கட்டி மூழ்கக் கூடாது. மூச்சுக்குழாயை வாயில் கவ்வி மிதந்து பார்க்கலாம், அவ்வளவுதான். கண்ணாடி இல்லை, கூரை இல்லை. நனைந்தே தீர வேண்டும்.

பக்கத்துத் தீவான லாண்டா கிராவருவின் விடுதி இதற்குக் கண்ட வழியை இந்த ஆய்வாளர் மிகவும் மெச்சுகிறார். விருந்தாளியிடம் ஒரு கைப்பேசியைக் கொடுத்துவிடுவார்கள். அவர் நாற்காலியில் படுத்திருக்கலாம், சாப்பிடலாம், தூங்கலாம். மாண்டா வந்தது உறுதியானதும் மணி அடிக்கும். ஓடிப்போய்ப் படகில் ஏற வேண்டியதுதான். ஈரத்தை ஒழிக்க முடியாதபோது, வீணான ஈரத்தையாவது ஒழித்துவிட்டார்கள்.

இதைவிட முக்கியமான சான்று கட்டணப் பட்டியலில் இருக்கிறது. மாண்டாக்கள் திரளும் அந்த மாதங்கள்தான் அங்கே மழைக்காலம். விடுதிகள் வாடகையைக் குறைக்கும் காலமும் அதுவே. கடல் தன் ஆகச் சிறந்த காட்சியை நடத்துகிறது, அறை மலிவாகக் கிடைக்கிறது. வானத்திலிருந்து நான்கு சொட்டு விழுந்தால் வாடகையும் விழுகிறது. நனைதலும் கட்டணமும் எதிர்விகிதத்தில் இயங்குகின்றன என்பதற்கு வேறு நிறுவல் வேண்டியதில்லை.

காலத்தைப் பற்றி ஒரு சொல். நெய்தல் நிலத்துக்குரிய சிறுபொழுது எற்பாடு, அதாவது பொழுது சாயும் வேளை என்பது நம்மவர் வகுத்த வகை. மாலத்தீவு விடுதிகள் பல தங்கள் கடிகாரத்தைத் தலைநகர் மாலேயைவிட ஒரு மணி முன்னே வைத்திருக்கின்றன. மாலேயில் ஆறு மணிக்கு மறையும் சூரியன் விடுதியில் ஏழுக்கு மறைகிறது. எற்பாட்டை நாட்டின் சட்டத்துக்கு வெளியே ஒரு மணி நேரம் நீட்டியவர்கள் உலகில் இவர்களே. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். அது கணக்கு முடிக்கும் மேசையில் நிகழும். இத்தனை ஒழுங்காகத் திணை காக்கும் இடம் இன்று நம் கடற்கரைகளில் இல்லை.

பாதம் தனி வழக்கு. சொனேவா ஃபுஷி விடுதிக்குப் போகிறவர்களின் செருப்பை வரும்போதே வாங்கிப் பையில் போட்டுக் கட்டிவிடுவார்கள். நீர்விமானம் ஓட்டுகிறவர்களே வெறுங்காலோடு ஓட்டுவதுண்டு. வெறும் பாதம் நனையுமே; அது உடலில் சேருமா என்ற கேள்வி எழுகிறது. சேராது என்று கொண்டால் நூற்பா பிழைக்கும். சேராது.

அப்படியானால் யார்தான் நனைகிறார்கள்? அக்ரிலிக் கூரையில் வெளிப்பக்கம் பாசி பிடிக்கும்; மூழ்கிப் போய்த் தேய்ப்பவர் நனைகிறார். தூத்துக்குடியிலிருந்து காய்கறியும் கட்டுமானச் சரக்கும் ஏற்றிக்கொண்டு மாலேக்குப் போகும் தோணிகளின் மாலுமிகள் நனைகிறார்கள். 2009 அக்டோபரில் மாலத்தீவின் அமைச்சரவையே நனைந்தது. குடியரசுத் தலைவர் முகமது நஷீதும் அமைச்சர்களும் காற்று உருளை கட்டிக்கொண்டு கடலடியில் மேசை போட்டு உட்கார்ந்து, சைகையில் பேசி, கடல் உயர்ந்துகொண்டிருப்பதால் கரி உமிழ்வைக் குறைக்குமாறு உலகைக் கேட்கும் ஓர் ஆவணத்தில் கையெழுத்திட்டார்கள். அப்போது 'இதா' திறந்து நான்கு ஆண்டு ஆகியிருந்தது. உலர்ந்த இருக்கைகள் 14 அங்கே தயாராக இருந்தும் அமைச்சரவை அதை நாடவில்லை. கொள்கைக்கு வெளியே நிற்கும் ஒரே அரசு நடவடிக்கை இது.

எந்த இலக்கணத்துக்கும் கடைசியில் புறனடை வேண்டும். மாலத்தீவின் சொனேவா ஜானி என்ற விடுதியில் சில வில்லாக்களின் மாடியிலிருந்து நேரே காயலுக்குள் இறங்கும் சறுக்குமரம் உண்டு. படுக்கையறையிலிருந்து புறப்பட்டு, ஒரு திருப்பம் திரும்பி, தொப்பென்று கடலில் விழலாம். ராயாட்டியாவில் கால்நட்டு ஐம்பது ஆண்டு ஆவதற்குள் கடலில் விழுவதையே ஒரு வசதியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். இது கொள்கையை உடைக்கிறது என்று சில நண்பர்கள் மகிழ்கிறார்கள். அவசரம் வேண்டாம். விழுந்தவர் ஏணியில் ஏறிவந்தால் கைக்கெட்டும் தூரத்தில் மடித்து வைத்த துண்டு இருக்கிறது. ஆதலின்,

வழுக்கி வீழ்தலும் வரைநிலை இன்றே
துவட்டுவ தருகே தோன்றிய வழியே.