மிதிக்கிற பெட்டிக்கு மாமன் சொல்ற யோசனை

மாப்ளே, பியானோலா, அதான் காகிதச் சுருள்ல ஓடுற பியானோ, வாங்கிட்டியாமே! பெங்களூர் மாஸ்க் ரோட்டுல உன் மாடிக்கு அதை ஏத்தி முடிக்கிறதுக்குள்ள தூக்கினவங்களுக்கு இடுப்பு விட்டுப்போச்சாம். இனி ஐரோப்பியச் சங்கீதமா பதிவு பண்ணி கேக்கறவங்களை அழ வைக்கப்போறேன்னு உங்கம்மாகிட்ட சொன்னியாம். அழ வைப்பே, சந்தேகமே இல்ல.

எனக்கென்ன தெரியும், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பட்டிக்காட்டான். வயித்துப் பாட்டுக்குக் கண்டோன்மென்ட்ல ஒரு பியானோ ரிப்பேர் கடையில துருத்திக்குத் துணி ஒட்டிக்கிட்டுக் கிடந்தவன். ஏதோ தெரிஞ்ச மட்டும் சொல்றேன்.

காகிதச் சுருளே வாசிச்சுக்கும், நாம சும்மா மிதிச்சா போதும்னு நினைக்கிறே பாரு, அந்த நினைப்பை மட்டும் விட்டுடாதே. உடம்புக்கு நல்லது. ஆனா அந்தப் பெட்டிக்கு அது தெரியாது. நீ பெடலை மிதிச்சா அது உள்ள இருக்கிற காத்தை உறிஞ்சும். பதினொன்னேகால் அங்குலக் காகிதம் 88 ஓட்டை போட்ட பித்தளைச் சட்டத்து மேல நகரும். ஓட்டைக்கு நேரா ஓட்டை வந்ததும் வெளிக்காத்து புகுந்து, உள்ள ஒரு குட்டித் துருத்தி சடக்குன்னு சுருங்கும், சுத்தியல் கம்பியை அடிக்கும். உறிஞ்சல் எவ்வளவு பலமோ அடியும் அவ்வளவு பலம். கொல்லன் பட்டறையில துருத்தி போடுறவன் இரும்போட நிறத்தைப் பாத்துக் கையை இறக்குவான்; நீ ராகத்தைக் கேட்டு காலை இறக்கணும். சுருள் சொல்றது எந்தக் கட்டைங்கிறதை மட்டும்தான். உரப்பும் மெதுவும் உன் பாதத்துல. வேகம் உன் கையில, அதுக்குத்தான் முன்னாடி ஒரு நெம்புகோல்.

சில சுருள்ல வளைஞ்சு வளைஞ்சு ஒரு சிவப்புக் கோடு ஓடும். அதுக்கு மெட்ரோஸ்டைல்னு பேரு. நெம்புகோலோட முள்ளை அந்தக் கோட்டு மேலயே நகர்த்தினா எங்க இழுக்கணும், எங்க ஓடணும்னு தெரியும். நீ கோட்டையும் பாக்க மாட்டே, கேமராவைத்தான் பாப்பே. இருக்கட்டும்.

பழைய சுருள் மலிவா கிடைச்சுதுன்னு அள்ளிக்கிட்டு வராதே. 1908ல அமெரிக்காவுல கம்பெனிக்காரங்க கூடி 88 கட்டைன்னு ஒரு கணக்கு வச்சாங்க. முந்தி வந்ததுல பெரும்பாலும் 65தான். அது உன் பெட்டி அச்சுல உக்காராது. சுவத்துல மாட்டிக்கோ, பாக்க அழகா இருக்கும்.

இது ஏதோ பொம்மைன்னும் எண்ணிடாதே. 1912ல லண்டன் குயின்ஸ் ஹால்ல பெரிய கண்டக்டர் நிக்கிஷ் முன்னாடி நிக்க, ஈஸ்ட்ஹோப் மார்ட்டின்னு ஒருத்தர் கிரீக்ங்கிற இசையமைப்பாளரோட பியானோ கான்செர்ட்டோவை பியானோலாவுலயே வாசிச்சார். இசைக்குழுவும் கூடவே போச்சு. ஸ்ட்ராவின்ஸ்கி 1917ல இதுக்குன்னே ஒரு உருப்படி எழுதினார். நம்ம மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார் தானே பியானோ வாசிப்பார். மெட்னர்ங்கிற இசையமைப்பாளர் மேல அவ்வளவு பித்து. லண்டன்ல மெட்னர் பேர்லயே ஒரு சங்கம் வச்சு, அந்த மனுசனையே உக்கார வச்சு எச்.எம்.வி. தட்டுல பதிய வச்சார். உனக்கு மெட்னரும் இல்ல, அரண்மனையும் இல்ல. ரெண்டு கால் இருக்குது, அதையாவது ஒழுங்கா வச்சுக்கோ.

பதிவு பண்றப்போ மைக்கைக் காலுக்குப் பக்கத்துல வைக்காதே. தொப்பு தொப்புன்னு மிதிக்கிறதுதான் கச்சேரியா விழும். பெட்டி மூடியைத் திறந்து மைக்கை மேல வை. பெடல் கீல்ல ரெண்டு சொட்டு எண்ணெய் விடு. செருப்பைக் கழட்டிட்டு மிதி, அப்பதான் பாதத்துக்குப் பெடல் தெரியும். மழைக்காலத்துல காகிதம் ஈரம் குடிச்சு அகலும், ஓட்டை விலகி பக்கத்துக் கட்டை கத்தும். அதை நவீன சங்கீதம்னு சொல்லிப் போட்டுடாதே. ரம்ஜான் மாசத்துச் சாயங்காலம் வேண்டவே வேண்டாம், தெரு முழுக்க கபாப் கூட்டம், பெட்டியை எவன் கேப்பான்? விடியக்காலம் பண்ணு.

அதுக்கும் முன்னாடி கீழ்ப் பலகையைக் கழட்டி, இத்துப்போன ரப்பர் குழாயையும் துருத்தித் துணியையும் மாத்து. காத்து ஒழுகுற பெட்டியில நீ எவ்வளவு மிதிச்சாலும் காலுதான் வலிக்கும்.