சிறு பூஜாடிகளின் பிறப்பிடம்: பசைவழி ஓர் ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள்: கண்ணாடிப் பூஜாடி ஒன்று. உயரம் 11 செ.மீ. தேன் நிறம். கிடைத்த இடம், இங்கிலாந்தின் வடகிழக்கே டைன்மவுத் ரயில் நிலையத்தில் வார இறுதிகளில் கூடும் சந்தை. விலை 4 பவுண்டு. ஜாடி செக் நாட்டது என்பது விற்றவர் கொள்கை (வாய்மொழி, மழைக்கு ஒதுங்கியபோது). உள்ளூர்ச் சரக்கே என்பது பக்கத்து மேசைக்காரர் கொள்கை (வாய்மொழி, பொறாமையுடன்). இவ்விரண்டையும் மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எதை நிறுவுவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆய்வு நெறி அதுதான்.

முதலில், இது அச்சில் அழுத்தியதா, ஊதியதா? இரும்பு அச்சில் உருகிய கண்ணாடியை இட்டு மேலிருந்து உலக்கையை இறக்குவார்கள். நம் உரல் உலக்கைதான், ஆனால் ஒரே இடி. 1820களில் அமெரிக்காவில் இம்முறை சூடு பிடித்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சாண்ட்விச்சில் டெமிங் ஜார்வஸ் 1825-ல் தொடங்கிய ஆலை இதில் பேர்போனது. விரலை உள்ளே விட்டுத் தடவ வேண்டும். அச்சுக்குள் ஊதிய ஜாடியில் வெளியே மேடென்றால் உள்ளே பள்ளம். அழுத்தியதில் வெளியே எவ்வளவு பூவேலை இருந்தாலும் உள்ளே உலக்கை போன தடம் வழவழவென்றிருக்கும். நம் ஜாடி வழவழ. உலக்கை சிரமமில்லாமல் வெளியேறிய வாயில் என் விரல் ஏன் சிக்கியது என்பது தனி ஆய்வுக்குரியது (காண்க: மனைவி, ‘உங்களுக்கு இது தேவையா?’, சமையலறைப் பதிப்பு).

அடுத்து முத்திரை. முத்திரை இருந்தால் பிறப்பிடம் எவருக்கும் தெரிந்துவிடும். எனவே அத்தகைய ஜாடிகளை அறிஞர் மதிப்பதில்லை. கேட்ஸ்ஹெட் நகரத்துச் சவர்பி ஆலை மயில் தலையைப் பொறித்தது. அதே ஊர் டேவிட்சன் ஆலைக்குச் சிங்கம். சண்டர்லாந்தில் கிரீனர் ஆலைக்கும் சிங்கம், முதலில் நட்சத்திரத்துடன், பிறகு கோடரியுடன். தேய்ந்தபின் எல்லாம் ஒரே பூனை. 1842 முதல் 1883 வரை பிரிட்டனில் வடிவத்தைப் பதிவு செய்தவர்கள் சாய்சதுரம் ஒன்றைப் பொறித்தார்கள். உச்சியில் மூன்று என்ற ரோமன் எண் இருந்தால் கண்ணாடி. ஆண்டைக் குறிக்க ஓர் எழுத்து உண்டு. அதை அகரவரிசைப்படி வைத்தால் யாருக்கும் புரிந்துவிடும் என்பதாலோ என்னவோ, கலைத்துப் போட்டார்கள். அந்த ஆண்டும் வடிவம் பதிவான ஆண்டுதான், ஜாடி பிறந்த ஆண்டல்ல.

நிறத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எடை: கனமாக இருந்தது. புற ஊதா விளக்கடியில் பளீரென்று பச்சையாக ஒளிர்ந்தால் யுரேனியம். ஊர் தெரியாது, விலை ஏறும்.

நம் ஜாடியில் மயிலும் இல்லை, பூனையும் இல்லை. எனவே செக் என்கிறார்கள். செக்கோஸ்லோவாக்கியாவில் 1965-ல் கண்ணாடி ஆலைகள் சிலவற்றைச் சேர்த்து ஸ்க்லோ யூனியன் என்றாக்கினார்கள். ரோசிட்செ, லிபோகொவிட்செ ஆலைகளின் ஜாடிகள் பலவற்றில் பெயர் கிடையாது, காகித லேபிள்தான். வாங்கியவர்கள் முதல் நாளே வெந்நீரில் ஊறவைத்து உரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து பெயரற்ற ஜாடியெல்லாம் ஸ்க்லோ யூனியன். கொஞ்சம் அழகாயிருந்தால் பிரான்டிஷெக் வீஸ்னெர் வரைந்தது. ஊர் பேர் தெரியாத தனிப்பாடலை ஔவையார் தலையில் கட்டிப் பட்டம் வாங்கியவர்களுக்கு இம்முறை புதிதல்ல.

இங்கேதான் பசையியல் தோன்றுகிறது. லேபிள் போனாலும் பசை போவதில்லை. நம் ஜாடியின் அடியில் நகம் அளவுக்கு ஒரு பிசுபிசுப்பு இருந்தது. அதன் ஓரத்தில் தூசி படிந்து கறுப்பாக ஒரு கரை. கரையை வட்டம் என்போர் ஒரு மரபினர். மூலை தேய்ந்த சதுரம் என்போர் இன்னொரு மரபினர். இரண்டு மரபினரும் நானே. முன்னது கண்ணாடி போடாதபோது. வட்டக் கொள்கையை நான் சனிக்கிழமை மறுத்தேன் (குளியலறை உரை, கதவுக்கு வெளியே இருவர் காத்திருக்க). மறுப்புக்கு மறுப்பு ஞாயிறு வந்தது (மேலது). அதற்கு விளக்கவுரையும், விளக்கவுரையில் இடைச்செருகல் உண்டென்ற குறிப்பும் மளிகைச் சீட்டின் பின்பக்கம் உள்ளன. சீட்டில் பின்னாளைய கை ஒன்று ‘புளி ½ கிலோ’ என்று சேர்த்திருப்பது மூலபாடமாகாது. சதுரத்துக்குள் கோடு ஒன்று தெரிந்தது. செக் எழுத்தின் கொம்போ? பூதக்கண்ணாடி வாங்கினேன், 9 பவுண்டு. எட்டு வாரம் பார்த்ததில் அது 4 என்று துலங்கியது. சந்தைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டும் சதுரம்தான் என்ற வாதத்தை இவ்விடத்தில் விரிக்கப் பெருகும்.

கட்டுரையை முடிக்கும் தறுவாயில் ஜாடியைக் காணவில்லை. ஜன்னலோரம் இருந்தது, உள்ளே இரண்டு ரோஜாவுடன். “பிசுபிசுன்னு ரெண்டு மாசமா வெச்சிருந்தீங்களே, தேங்காய் எண்ணெய் தேய்ச்சுக் கழுவிட்டேன்” என்றாள் மனைவி.

எடுத்து முகர்ந்தேன். அடியில் சந்தேகத்துக்கிடமில்லாத தேங்காய் எண்ணெய் வாசனை. ஜாடிக்கும் மலபார்க் கடற்கரைக்கும் இருந்த வணிகத் தொடர்பை இதுவரை எவரும் ஆராயவில்லை.