நான்காம் படிவத்துக்கு ஒரு நாவல்

கைப்பேசியை விட்டுத் தலை நிமிராத நான்காம் படிவ மகளுக்கு எந்த நாவலைக் கொடுப்பது, ஐயா? அதிலும் 'லைக்' போட முடியுமா?
*– வாசகர், கிள்ளான்*

அவள் வயது நாயகி உள்ள தமிழ் நாவல் நம்மிடம் எத்தனை இருக்கின்றன? கைப்பேசியைத் திட்டுமுன் அதைக் கேட்போம். மலேசிய எழுத்தாளர் ஹன்னா அல்காஃபின் ஆங்கில நாவல் 'தி வெயிட் ஆஃப் அவர் ஸ்கை' (2019) கொடுங்கள். பீட்டில்ஸ் பைத்தியமான பதினாறு வயது மெலாத்தி, படம் பார்க்கப் போன நாளில் 1969 மே 13 இனக்கலவரத்தில் சிக்கி, கோலாலம்பூரில் அம்மாவைத் தேடுகிறாள். பிள்ளைகளுக்கு இது கனம் என்பார்கள். அன்று அந்த வயதுப் பிள்ளைகளும்தானே அதை அனுபவித்தார்கள்? தமிழில்தான் வேண்டுமென்றால் அ.ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை'. பெரியவர்களுக்கு எழுதியது, அதனால் முதல் அத்தியாயத்தை அவளோடு உட்கார்ந்து வாசியுங்கள். எழுத்தாள நண்பர்களே, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மாணவி ஒருத்தியை நாயகியாக்கி எழுதுங்கள்.