டோட்டல் லாஸ் அண்ணன்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகிற வழியில் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் ஏதாவது ஒரு டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்திருப்பார். ஒரு காலத்தில் லாரிக்காரர்களுக்கு எந்தத் தாளை எந்தக் கவுண்டரில் நீட்டுவது என்று சொல்லிக் கொடுத்தவர். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சோதனை ஒழிந்ததும் பிழைப்பும் ஒழிந்தது. யோசனை சொல்லிப் பழகிய வாய் சும்மா இருக்குமா? இப்போது நொறுங்கிய கார்களுக்கு இன்சூரன்ஸ் யோசனை சொல்கிறார். சொந்தமாக ஒரு சைக்கிள் உண்டு.

டிஎன் 41, கேஎல் 70 என்று அவர் பேதம் பார்ப்பதில்லை. போலீஸிடம் மலையாளம், வண்டிக்காரரிடம் தமிழ், சர்வேயரிடம் இரண்டும் கலந்த பணிவு.

புளியமரத்தில் மோதி முன்பக்கம் அப்பளமாகிப்போன காரின் சொந்தக்காரர் கைக்கட்டோடு வந்து உட்காருகிறார்.

"ஏனுங் கண்ணு, உசுருக்கு ஒண்ணுமில்லீல்ல? அப்பறமென்ன! வாங்குன வெலையை அப்புடியே குடுத்துருவாங்க."

கொடுக்க மாட்டார்கள். பாலிசியில் எழுதியிருக்கும் ஐ.டி.வி.தான் உச்சவரம்பு. ஷோரூம் விலையில் தேய்மானம் கழித்த தொகை அது. நாலு வயது தாண்டிய வண்டிக்குப் பாதிதான் தேறும். பழுது பார்க்கும் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் டோட்டல் லாஸ் என்று எழுதுவார்கள்.

"லோன் பாக்கி இருக்குதுங்ணா."

"வண்டியே இல்லீங்கிறேன், டியூ எதுக்குங்க கட்டறீங்க?"

அதைக் கேட்டு நிறுத்தினால் வட்டியும் அபராதமும் ஏறும். ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருந்தால் க்ளைம் பணம் முதலில் அங்கேதான் போகும். மிஞ்சினால் நமக்கு, போதாவிட்டால் பாக்கியை நாம்தான் அடைக்க வேண்டும்.

அடுத்த யோசனைக்குக் குரல் தாழும். "வண்டிக் கூட்டைக் கம்பெனிக்கு விட்றாதீங்க. உக்கடத்துல நம்மாளு ஒருத்தன் இருக்கறான். ஆர்.சி.யையும் சேத்துக் குடுத்தா இன்னுங் கொஞ்சம் போட்டுத் தருவான்."

அண்ணனின் கமிஷன் இருப்பது இங்கேதான், ஆபத்தும் இங்கேதான். செத்த காரின் ஆர்.சி.யும் சேஸிஸ் நம்பரும் திருட்டுக் காருக்கு மறுஜென்மம் கொடுக்கும். பிறகு போலீஸ் தேடி வருவது பழைய சொந்தக்காரர் வீட்டுக்கு. வண்டி இனி ஓடாது என்று ஆனால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்கச் சொல்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு.

அண்ணன் வாயடைத்துப் போவது ஒரே சமயத்தில்தான்: "தேர்டு பார்ட்டி மட்டுந்தானுங்ணா போட்டிருந்தேன்." அந்த பாலிசியில் சொந்த வண்டிக்குச் சல்லிக்காசு கிடையாது. "சேட்டா, ரெண்டு டீ" என்பார். காசு வந்தவர் கணக்கு.

குறையை மட்டுமே சொல்லக்கூடாது. "வண்டியை நகத்தாதீங்க, மொதல்ல நாலு பக்கமும் போட்டோ எடுங்க" என்று சொல்பவரும் அவர்தான். கட்டி இழுக்க வண்டி வரும்வரை பேட்டரியும் ஸ்டெப்னியும் காணாமல் போகாமல் வெயிலில் காவல் நிற்பவரும் அவரே.

ஒன்று மட்டும் அவர் வாயிலிருந்து வரவே வராது. கம்பெனி குறைத்துக் கொடுத்து, முறையிட்டும் சரிசெய்யாவிட்டால், கேரளக்காரர்கள் கொச்சியிலும் தமிழ்நாட்டுக்காரர்கள் சென்னையிலும் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் புகார் கொடுக்கலாம். அதில் கமிஷன் கிடையாதே!

ஆகவே, அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுங்கள், வடையும் வாங்கிக் கொடுங்கள். ஆர்.சி.யை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.