மருமகன் வாங்கிய ஷார்ப்ஸ்

வாரும் மருமவனே, வாரும். பெட்டியைப் பிரிச்சுப் பாத்தேன். 1874 மாடல் ஷார்ப்ஸ் ரைபிள், இத்தாலிக்காரன் செஞ்ச நகல், .45-70. நல்ல சாமான்தான். ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. குறி தப்பிச்சுன்னா நெம்புகோலை இறக்கி, கூட்டை உருவிப் போட்டு, அடுத்ததைச் சொருகணும். அதுக்குள்ள மான் பக்கத்துக் கவுண்டிக்குக் குடி போயிரும். 1990-ல வந்த குவிக்லி படத்தை எத்தனை தரம் பாத்தீரோ, டாம் செல்லெக் தூரத்து வாளியைச் சுட்டதுல உம்ம கை அரிக்க ஆரம்பிச்சிருச்சு. அந்த மீசை உமக்கு வராதுன்னு உம்ம அத்தைதான் சொன்னா, நான் சொல்லலை.

இப்ப குறி பாக்குத சைட்டுக்கு மட்டும் துப்பாக்கி விலையில பாதி கொடுக்கப் போறீராமே. தாராளமாக் கொடும். உழைச்ச காசு. ஆனா அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கேன்: கூட்டுக்குள்ள என்ன போடப் போறீரு?

1873-ல அமெரிக்கப் பட்டாளம் எடுத்துக்கிட்ட தோட்டா இது. 70 கிரெய்ன் கருமருந்து, நம்ம கணக்குல நாலரை கிராம். அதுக்கு மேல 405 கிரெய்ன் ஈயக்குண்டு, 26 கிராம். அந்தக் கூட்டோட வயிறு கருமருந்துக்குன்னே செஞ்சது. புகையில்லா மருந்து போடுததுன்னா கூட்டுல ஒரு பங்குதான் நிறையும், மிச்சம் காலியாக் கெடக்கும். அங்கதான் எமன் உக்காந்திருக்கான். பேச்சு சுவாரஸ்யத்துல ஒரே கூட்டுல ரெண்டு தடவை கொட்டிட்டீருன்னு வையும், வழியாது. குண்டை அமுக்கினா பேசாம உக்காந்துக்கிடும். சுடும்போதுதான் பேசும். அதனால மருந்து போடுத மேசையில ஒரே ஒரு டப்பாதான் இருக்கணும். போனை அடுத்த ரூம்ல போடும். கொட்டின கூடுகளை வரிசையா நிறுத்தி, டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணா உள்ளே பாரும்.

இன்னொரு கூத்து. தோட்டாவுக்கு மருந்தளவு சொல்லுத புத்தகத்துல .45-70-க்கு மூணு பிரிவு போட்டிருப்பான். பழைய டிராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மெதுவானது, நெம்புகோலை இழுத்து அடுத்தடுத்துச் சுடுத ரைபிளுக்கு நடுத்தரம், இந்தக் காலத்து உருக்குல செஞ்ச ஒத்தைத் தோட்டா ரைபிளுக்குக் காட்டமானது. உம்மை மாதிரி ஆளுக நேரா மூணாவது பக்கத்தைத்தான் திறப்பாங்க. உம்ம துப்பாக்கியைச் செஞ்சவன் என்ன எழுதிக் கொடுத்திருக்கான்னு முதல்ல பாரும். தோள்பட்டையையும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடும்.

என்னைக் கேட்டா கருமருந்துதான். அதுக்கு நேர் எதிர்ச் சட்டம்: கூட்டுக்குள்ள காத்துக்கு இடமே இருக்கக் கூடாது. நீரு கரண்டியால அள்ளிக் கொட்டுனீருன்னா 70 கிரெய்ன் அடங்க முரண்டு பிடிக்கும். ரெண்டடி நீளப் பித்தளைக் குழாயை நிறுத்தி, மேல இருந்து மெள்ள மெள்ள விடும். நம்மூர் அரிசிக் கடையில படியைக் குலுக்கி அளந்தா இன்னொரு கைப்பிடி உள்ளே போவுமே, அதே சங்கதி. ஒவ்வொரு மணியும் தன் இடத்தைத் தேடி உக்காந்துக்கிடும். அதுக்கு மேல ஒரு அட்டை வில்லை. பிறகு லேசா ஒரு அமுக்கு. அதையும் குண்டை வச்சு அமுக்காதேயும், மெத்து ஈயம் நசுங்கிப் போகும். அமுக்குறதுக்குன்னே தனி அச்சு இருக்கு. குண்டு வார்க்க 20 பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம். அதோட பள்ளத்துல தேன்மெழுகு கலந்த கொழுப்பு. வார்க்கும்போது சன்னலைத் திறந்து வையும், கையைக் கழுவாம முறுக்கைத் தொடாதேயும்.

சுட்டதும் குழலுக்குள்ள கரி காஞ்சு ஒட்டும். காஞ்ச கரி மேல அடுத்த குண்டு ஒழுங்காப் போகாது. அதுக்காகத்தான் வெத்துக் கூட்டுல சொருகின ரப்பர்க் குழாய் ஒண்ணைப் பின்பக்கம் வச்சு, வாயால நாலஞ்சு தரம் ஊதுவாங்க. மூச்சு ஈரம் பட்டுக் கரி இளகும். பாக்க நாதஸ்வர வித்வான் மாதிரிதான் இருக்கும், சிரிப்பாங்க, ஊதும். வீட்டுக்கு வந்ததும் தண்ணிய விட்டுக் குழலைக் கழுவி, காயவச்சு எண்ணெய் போடணும். பித்தளைக் கூடுகளும் அன்னிக்கே குளிச்சாகணும். நாளைக்குப் பாப்போம்னு விட்டா துரு முந்திக்கிடும்.

இனி சைட்டு. குழல் மேல இருக்கற மான்கொம்புக் குறி பாக்க லட்சணமா இருக்கும். நாப்பதைத் தாண்டின கண்ணுக்கு அந்தக் கொம்பு, முன்குறி, இலக்கு மூணும் ஒருசேரத் தெரியாது. உமக்கு வயசு ஆகலைன்னு நீரு சொல்லலாம், மெனு கார்டை நீரு எட்டிப் பிடிச்சுப் படிச்சதை நான் பாத்தேன். அதனால கைப்பிடிக் கழுத்துல மாட்டுத வெர்னியர் சைட்டு வாங்கும். சின்ன ஓட்டை வழியாப் பாத்தா மங்கினதும் துலங்கும். முன்னால குளோப் சைட்டு, அதுக்குள்ள வளையம், கம்பின்னு மாத்தி மாத்திப் போட்டுக்கிடலாம். முன்குறிக்கும் பின்குறிக்கும் 36 இஞ்சு இடைவெளின்னு வையும். பின்குறியை ஒரு இஞ்சுல நூத்துல ஒரு பங்கு ஏத்தினா 100 கெஜத்துல குண்டு ஒரு இஞ்சு ஏறும், 1,000 கெஜத்துல பத்து இஞ்சு. இந்த நுணுக்கம் எப்பப் பலிக்கும்? பத்துக் கூட்டுலயும் ஒரே அளவு மருந்து இருந்தாத்தான். இல்லைன்னா வெர்னியரைத் திருகிக்கிட்டே இருக்க வேண்டியதுதான், குண்டு அது பாட்டுக்குப் போகும்.

ஒரு செலவு மட்டும் நான் தடுக்க மாட்டேன்: முன்குறியில இருக்கற குட்டி ரசமட்டம். கொத்தனார் வச்சிருப்பாரே, அதோட பேரப்பிள்ளை. தூரத்துக்காகக் குழலை எக்கச்சக்கமா ஏத்திப் பிடிக்கும்போது துப்பாக்கி கொஞ்சம் சாஞ்சாலும் குண்டு சாஞ்ச பக்கமே ஓடிரும்.

நியூ மெக்சிகோவுல ரேட்டன்னு ஒரு ஊரு. அங்க இந்த மாதிரி ரைபிளுக்குன்னே போட்டி நடக்கும். இரும்புத் தகட்டுல 200 மீட்டர்ல கோழி, 300-ல பன்னி, 385-ல வான்கோழி, 500-ல செம்மறிக் கடா. முழு விருந்து. கோழியை நின்னுக்கிட்டுச் சுடணும், அங்கதான் பெரிய மீசைக்காரனும் பசியோட திரும்புவான். இதுக்கு ஆயிரம் கெஜத்துக்குப் போடுத, நெட்டைக்கம்பு வச்ச வெர்னியர் சைட்டு எதுக்கு? நடுத்தரக் கம்பு போதும். மிச்சக் காசுக்கு மருந்தும் ஈயமும் வாங்கும்.

நெட்டைக்கம்பு ஆசை விடலைன்னா நியூயார்க் பக்கம் கிரீட்மூர்ல 1874 செப்டம்பர்ல நடந்ததைக் கேளும். அமெரிக்காவுக்கும் அயர்லாந்துக்கும் போட்டி, அணிக்கு ஆறு பேரு, 800, 900, 1,000 கெஜம். அமெரிக்காக்காரன் கையில பின்பக்கம் தோட்டா போடுத ஷார்ப்ஸும் ரெமிங்டனும். அயர்லாந்துக்காரன் கையில முன்பக்கமா இடிக்குத ரிக்பி. அமெரிக்காவோட கடைசி ஆளு போடின் கையை ஜிஞ்சர் பீர் பாட்டில் கிழிச்சிருச்சு. அந்தக் கையோட சுட்டு நடுப்புள்ளியில வச்சாரு. அமெரிக்கா 934, அயர்லாந்து 931. அயர்லாந்து ஆளு மில்னரும் ஒரு தரம் அச்சு அசலா நடுப்புள்ளியிலதான் வச்சாரு, நாலு புள்ளி. ஆனா அது பக்கத்து இலக்கு, கணக்குல சைபர். 931-ஓட நாலைக் கூட்டிப் பாரும். அவரு சைட்டுல ஒரு குத்தமும் இல்லவே.