வளராத பிள்ளையின் தகப்பன்

கைபேசியை நீட்டுவார். பேரப்பிள்ளை படம் என்று நினைத்து, "அழகா இருக்கான்" என்று சொல்லிவிட்டு உற்றுப் பார்த்தால் ஓடு தெரியும்.

"ஒன்றரை வயசு. இன்னும் நூத்தி எழுபது கிராம்தான். என்னமோ சரியில்லப்பா" என்பார். அந்தப் பெருமூச்சில் மேசையிலிருக்கும் தே தாரிக் ஆறிவிடும்.

நான் இவருக்கு ஆமையப்பன் என்று பெயர் வைத்திருக்கிறேன். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் எனக்குத் தெரிந்து மூன்று பேர். மூவரையும் ஒரே ஆளாகப் பிசைந்து தருகிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் மெல்பர்னில். அன்று மதிப்பெண் கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளை விரட்டியவர், இன்று கிராம் கணக்கில் ஆமையை விரட்டுகிறார். ஞாயிறு காலை ஆனால் மனைவியின் சமையலறைத் தராசு ஆமைக்குப் போய்விடும். போன வாரம் 171, இந்த வாரம் 170. அன்று வீட்டில் யாரும் சிரிக்கக் கூடாது. "கிள்ளான்ல ஒருத்தர் வளர்க்கிறாரு. இதே வயசு. ரெண்டு கிலோவாம்!" பக்கத்து வீட்டுப் பையன் எஸ்பிஎம்மில் பத்து ஏ எடுத்தபோது கேட்ட அதே குரல்.

மெலிந்த பிள்ளையைக் கண்டால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? ஊட்டுவார்கள். காலையில் இட்லி விள்ளல், பத்து மணிக்கு வாழைப்பழம், மாலையில் ஊறவைத்த நாய் பிஸ்கட். சத்துக்குப் பாயாம் கீரை. இது சல்காட்டா ஆமை. சகாரா பாலைவனத்தின் தென் விளிம்பில் காய்ந்த புல்லை மென்று வாழும் இனம். நார்தான் அதற்குச் சோறு. பழத்தின் சர்க்கரை அதன் குடலில் நொதித்து வயிற்றைக் கலக்கும். பாயாமில் உள்ள ஆக்சலேட், ஓட்டுக்குப் போக வேண்டிய சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதையெல்லாம் சொன்னால், "அப்போ இட்லி?" என்று கேட்பார்.

வசிப்பிடம் இன்னும் விசேஷம். படுக்கையறையில் கண்ணாடித் தொட்டி, மேலே இறக்குமதி விளக்கு, இரவு பகலாக ஏர்கோன். 'பாலைவனத்துப் பிள்ளை, ஈரம் ஆகாது' என்று தரையில் காய்ந்த மணல். குட்டி ஆமைகள் பாலைவனத்திலும் வெட்டவெளியில் காய்ந்து கிடப்பதில்லை. வளைக்குள்ளே ஈரக் காற்றில் பதுங்கிக் கிடக்கும். வியன்னாவில் இதே இனத்தை வைத்து ஆராய்ந்து 2003இல் எழுதினார்கள்: ஓட்டின் கட்டங்கள் ஒவ்வொன்றும் மேடு தட்டுவதற்குப் புரதத்தைவிட வறண்ட காற்றே பெரிய காரணம். இவர் பிள்ளையின் முதுகில் ஓடு ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயில் கோபுரம் போல அடுக்கடுக்காக எழும்பிக்கொண்டிருந்தது. "அம்சமா இருக்கில்ல?" என்று தடவிக் காட்டுவார்.

தொட்டியை ஜன்னலோரம் வைத்திருப்பதால் வெயிலும் கிடைக்கிறது என்று நம்புகிறார். ஓட்டுக்கு வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அந்த விளக்கோ ஒரு வருஷம் ஓடினால் வெளிச்சம் மட்டும்தான் மிச்சம், கதிர் தேய்ந்துவிடும்.

வீட்டில் எதிர்ப்பும் உண்டு. மாமியார் வாசலிலேயே நின்று, "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்றார். "அத்தே, அமீனா முன்னாடியே வந்துட்டுப் போயிட்டாரு, கார் லோனுக்கு" என்று இவர் வாயை அடைத்துவிட்டார். எதிர்வீட்டுச் சீன அம்மாவுக்கோ ஆமை என்றால் ஆயுசு. பேரனுக்கு ஒரு மாசம் நிறைந்ததும், சிவப்பு ஆமை வடிவத்தில் செய்யும் அங்கு குவே பலகாரத்தை ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தார். மாமியார் அதையும் தொடவில்லை. மசால் வடையை மட்டும் ஆமை வடை என்றே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். அது எந்தச் சாஸ்திரமோ.

நட்சத்திர ஆமை பேச்சை எடுத்தால் மட்டும் இவர் குரல் தாழ்ந்துவிடும். நம்ம தமிழ்நாட்டுப் புதர்க்காட்டு ஆமை, பெட்டிக்குள் திணித்துச் சென்னையிலிருந்து இங்கே கடத்துகிறார்கள், 2019இல் வனவிலங்கு வணிக உடன்படிக்கையான சைட்ஸ் அதைக் கடும் தடைப் பட்டியலில் ஏற்றிவிட்டது. "அது புகுந்தா பின்னாலேயே பெர்ஹிலித்தான் புகும்" என்பார், வனவிலங்குத் துறையைச் சொல்லி. வாழ்நாளில் அவர் உருவாக்கிய ஒரே பழமொழி.

கடைசியில் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேடிஎம் ஏறிக் கிள்ளானுக்கே போய்விட்டார். நானும் துணைக்குப் போனேன், திரும்பும்போது தெங்கு கிளானா சாலையில் முறுக்கு வாங்கலாம் என்று. தரைவீடு, பின்னால் கொஞ்சம் மண். விளக்கு இல்லை, தொட்டி இல்லை. செராய் புதருக்கடியிலிருந்து தட்டையான, வழுவழுப்பான ஓட்டோடு ரெண்டு கிலோ நிதானமாக நடந்து வந்தது.

"என்ன மருந்து குடுக்கறீங்க?"

"ஒண்ணும் இல்ல அண்ணே. புல்லு முளைக்குது, அது திங்குது. மழை இல்லன்னா நான் குழாய்ல தண்ணி அடிப்பேன். மூலையில ஒரு கணவாய் ஓடு போட்டிருக்கேன், வேணும்னா கடிச்சிக்கும்."

ரயிலில் ஆமையப்பன் பேசவே இல்லை. முறுக்கையும் தொடவில்லை. மூன்று டிகிரி அட்சரேகை வெயிலும், எண்பது விழுக்காடு ஈரக் காற்றும் ஜன்னலுக்கு வெளியே சும்மா கிடக்க, மாசாமாசம் கரண்ட் பில் கட்டி அவற்றைத் துரத்திக்கொண்டிருந்த மனிதர் வேறென்ன செய்வார்?

மறுநாளே ஏர்கோன் நின்றது. தொட்டி போய், பால்கனியில் மண் நிரப்பிய அகலமான பெட்டி வந்தது. பாதிக்கு வெயில், பாதிக்கு நிழல். நிழல் இல்லாவிட்டால் நடுப்பகலில் ஆமை வெந்துவிடும். தினமும் பேசினில் தாடை வரை வெதுவெதுப்பான நீர், இருபது நிமிஷம். ஆமை அதிலேயே குடிக்கும், அதிலேயே மற்றதும் ஆகும். "அடுத்தது சாம்பிராணிப் புகையா?" என்றார் மனைவி.

விடிகாலையில் வேலியோரம் செம்பருத்திப் பூவும் இலையும் பறிக்கிறார். நடைப்பயிற்சிக்கு வந்த பெண்மணி பக்தியோடு கேட்டார், "அம்மனுக்கா அங்கிள்?"

"ஆமைக்கும்மா."

ஆறு மாதத்தில் 410 கிராம். புது ஓடு சமமாக வருகிறது. பழைய கோபுரம் அப்படியேதான் இருக்கும். மாமாக் கடையில் எல்லாருக்கும் அவர் செலவில் ரொட்டி சானாய். அப்போதுதான், வாய் சும்மா இருக்காமல், இது முழுசாக வளர்ந்தால் ஐம்பது கிலோகூடத் தாண்டலாம், சுவரோரம் தோண்டி வளை போடும் என்று சொல்லித் தொலைத்தேன்.

அவர் வீடு பதினேழாவது மாடி. இப்போதெல்லாம் லிஃப்டில் ஏறினால் கதவருகே இருக்கும் எடை வரம்புப் பலகையைப் படிக்கிறார்.