தீக்காக்கையும் தெளிவான குச்சியும்

விக்கிரமசிங்கபுரம் பஞ்சாலையைத் தாண்டி, பாபநாசம் வழியே முண்டந்துறைக்கு ஏறும் கேமராக்காரர்கள் எல்லாருக்கும் தீக்காக்கைதான் வேண்டும். அதுவோ காட்டு நிழலில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஆள் அரவம் கேட்டால் ஆண் பறவை சிவந்த வயிற்றை மறைத்து, மங்கிய முதுகைத் திருப்பிக்கொள்ளும். புலிகள் காப்பகத்தில் இதற்கும் ஒரு ஒளிவு மறைவு!

ஐஎஸ்ஓ 6400, ஷட்டர் 1/60. ஆட்டோஃபோகஸ் பறவையை விட்டுவிட்டு, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியைப் பட்டை வெடிப்பு உட்பட அப்பழுக்கில்லாமல் பிடிக்கும். ஒற்றைப் புள்ளியில் குவித்து, ஓரடி தள்ளி நின்றால் குச்சி விலகும். ஆனால் நகர்ந்தால் சருகு நொறுங்குமே. பரவாயில்லை, மென்பொருள் இருக்கிறது. பொரிப்புள்ளிகளை வழித்தெடுத்து, பறவைக்கே இல்லாத இறகை முளைக்க வைக்கும்.

ஜீப் ஓட்டிவந்த அண்ணாச்சி திரையை எட்டிப் பார்த்தார்: “குச்சி நல்லா விழுந்திருக்குல்லா, சார்!”